பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பூக்க வேண்டிய கொடி

இந்த ஊரில் பூவை யாரும் தலையில் வைப்பதில்லை, கையில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சூப்பர் மார்க்கெட் வாசலில் கறுப்பு வாளிகளில் நீண்ட காம்புகளோடு பூக்கள் நின்றுகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வருகிறவர்கள் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு, பூ கீழேயும் காம்பு மேலேயுமாகத் தொங்கவிட்டபடி பஸ்ஸுக்கு நடப்பார்கள். அன்னூர்ச் சந்தையில் வாங்கிய கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் போகிறவர்கள்தான் எனக்கு நினைவுக்கு வருவார்கள். வந்த புதிதில் ஒரு நாள் வாசல் செடியிலிருந்து ரோஜா ஒன்றைக் கிள்ளி ஜடையில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். பம்புகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. இன்றைக்கு என்ன விசேஷம், யாருக்காவது கல்யாணமா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். "ஒன்றுமில்லை, இன்றைக்கு வியாழக்கிழமை" என்றேன். நான் வேடிக்கையாகப் பேசியதாக நினைத்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் பூ வைத்துக்கொண்டு போகவில்லை.

நான் எழுத வந்தது ஒரு பூச்செடியை எப்போது விதைப்பது என்பதைப் பற்றி. இங்கே அதை ஸ்வீட் பீ என்பார்கள். பட்டாணிக் குடும்பத்துக் கொடி. சுருள் சுருளாகக் கை நீட்டிக் கிடைத்ததைப் பிடித்து ஏறும். பூ மெல்லியது, இதழோரம் சற்றே நெளிந்திருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறம் எல்லாம் உண்டு. ஆனால் அதை நிறத்துக்காக யாரும் வளர்ப்பதில்லை, வாசத்துக்காக வளர்க்கிறார்கள். பக்கத்து வீட்டு ஜில்லின் வேலியில்தான் முதலில் பார்த்தேன். ஜில் தபால் பட்டுவாடா செய்கிறவர், நாற்பதைக் கடந்த பெண், மழையிலும் அரைக்கால் சட்டைதான். அன்று துணி காயப்போட வெளியே வந்த எனக்கு யாரோ தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பின்னால் கடந்துபோனது போலிருந்தது. திரும்பினால் வேலிதான் இருந்தது. எப்போது பூக்கும் என்று ஜில்லிடம் கேட்டேன். ஜூலை என்றார். ஜூலை எனக்குப் பயன்படாது. அம்மா இங்கே வருவதென்றால் ஏப்ரல் கடைசியில் வந்து ஜூன் தொடக்கத்தில் திரும்பிவிட வேண்டும்.

அதற்குக் காரணம் எங்கள் ஊர் சூலூரில் இருக்கிறது. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அண்ணிக்குக் கோயம்புத்தூரில் வேலை. குழந்தைகளைக் கிளப்பி வேனில் ஏற்றி, மாலையில் இறக்கிச் சோறு போடுகிறவர் அம்மா. ஆகவே பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால்தான் அம்மாவுக்கும் லீவு. ஆனியில் அப்பாவுக்குத் திதி. எப்படிப் பார்த்தாலும் ஜூன் தொடக்கத்துக்கு மேல் அம்மா இங்கே இருக்க முடியாது. ஸ்வீட் பீயோ வசந்தத்தில் விதைத்தால் ஜூலையில்தான் பூக்கும். இரண்டு ஊர்க் காலண்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றை நகர்த்த முடியாது. மற்றதை நகர்த்த முடியுமா என்று தேடினேன். முடியும். வசந்தத்துக்குக் காத்திராமல் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே விதைத்துக் குளிர்காலத்தைக் கடத்திவிட்டால், மே கடைசியில் பூ பார்க்கலாம்.

அம்மா இருக்கும்போதே அது ஏன் பூக்க வேண்டும் என்பதைச் சொல்ல அப்பாவிடம் போக வேண்டும். அப்பா விசைத்தறி ஓட்டினார். வீட்டுக்குப் பின்னால் ஷெட், அதில் நான்கு தறி. நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் நின்றதால் வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார். அம்மாவிடம் அவர் அன்பாக ஏதாவது பேசி நான் கேட்டதில்லை. ஆனால் மாலையில் சூலூர் பஸ் ஸ்டாண்டுக்கு டீ குடிக்கப் போனால், ஸ்கூட்டரின் முன் கொக்கியில் ஒரு வாழையிலைப் பொட்டலம் தொங்கியபடி வரும். குண்டுமல்லி. குளிர்நாளில் மல்லி இல்லையென்றால் கனகாம்பரம். உள்ளே வந்து பொட்டலத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விடுவார். அம்மா அதைப் பிரித்துப் பார்த்து, "இன்னைக்கும் உங்கப்பனை ஏமாத்திப்போட்டா அந்தப் பூக்காரி. மொழமா இது? சாண்" என்பார். சொல்லிக்கொண்டே வைத்துக்கொள்வார். காலையில் எழுந்து வருகையில் தலையணையில் வாடிய மல்லி கிடக்கும். என் நினைவில் அம்மாவின் வாசம் என்பது அதுதான், சமையலறைத் தாளிப்பு அல்ல.

அப்பா திடீரென்று போனார். நான் விமானம் பிடித்துப் போய்ச் சேரும்வரை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். அன்று மதியம் சொந்தக்காரப் பெண்கள் அம்மாவை உட்கார வைத்துத் தலை நிறையப் பூ வைத்தார்கள். அவ்வளவு பூவை அம்மா தன் கல்யாணத்தில்கூட வைத்திருக்க மாட்டார். பிறகு எடுத்தார்கள். எடுத்தவர் அத்தை, அப்பாவின் அக்கா. அவருக்கும் பல வருடங்களுக்கு முன் இன்னொருவர் எடுத்திருக்கிறார். சரத்தைப் பிரிக்கத் தெரியாதவர்போல் அத்தையின் கை தடுமாறியது. அம்மா, அத்தைக்கு வசதியாக இருக்கட்டும் என்று தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். நான் பொறியியல் படித்தவள், வெளிநாட்டில் சம்பாதிக்கிறவள், இரண்டு அடி தூரத்தில் நின்றேன். "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அம்மாவே என்னை அடக்கியிருப்பார்.

ஆகவே என் திட்டம் எளிமையானது. அம்மா இங்கே வர வேண்டும். அப்போது என் வீட்டுக் கொடியில் வாசமுள்ள ஒரு பூ இருக்க வேண்டும். இங்கே பூ வைத்த தலையைப் பார்த்து இது ஆகுமா ஆகாதா என்று கணக்குப் பார்க்கும் கண்கள் கிடையாது. மற்றதை அம்மாவே பார்த்துக்கொள்வார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சோதனைக்கூடத்தில் பம்பு ஒன்றை எடுத்துக்கொண்டால் என்ன வேண்டும், எது கெடும், கெட்டால் மாற்று என்ன என்று வரிசையாக எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன். அப்படித்தான் இதையும் எழுதினேன். விதை, ஆழமான தொட்டி, எலி, உறைபனி, நத்தை, தாமதமான மே மாதம். எழுதாமல் விட்டது ஒன்றைத்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் விதைப்பு வீணாய்ப் போனது. எங்கள் பக்கத்து ஆள் எவராக இருந்தாலும் அதே தவறைத்தான் செய்திருப்பார். மாரியம்மன் நோன்புக்கு முளைப்பாரி போடுகிற ஊரில் வளர்ந்தவள் நான். தானியத்தை ஊற வைத்து, சட்டியில் எருவோடு இட்டு, வெளிச்சம் புகாத அறையில் மூடி வைப்போம். வெயில் படாமல் வெளிறிய மஞ்சளில் நெடுநெடுவென்று வளரும். எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது, அந்த வருடம் மழை உண்டு. இந்த ஊரில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் இருக்கும் அலமாரிதான் வீட்டிலேயே கதகதப்பான, இருட்டான இடம். விதைகளை இரவு ஊற வைத்து, மண்ணிட்டு, அங்கே வைத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு சாண் வளர்ந்ததும் எடுத்து வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன்.

"அட, நம்ம முளைப்பாரியாட்டவே வந்திருக்குது! சுத்தி நின்னு கும்மியடிக்கலாமாட்ட. என்ன பயிருங்கண்ணு இது?"

"பட்டாணி மாதிரிங்கம்மா."

"பொரியலுக்கு ஆகுமா?"

"ஆகாது. காயைத் தின்னாக் கெடுதல்."

"அப்பறம் எதுக்கு வளக்கறாங்க?"

"வாசத்துக்குத்தானுங்க."

"வேலையத்தவீக" என்றார் அம்மா, ஆனால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெருமையோடு அதே சட்டியைத் தூக்கிப் போய் ஜில்லிடம் காட்டினேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ பாவம், இதுங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். என் அம்மா பார்த்த அதே நாற்றுகள்தான். இரண்டே நாளில் எல்லாம் தண்டு மடங்கிப் படுத்துவிட்டன.

அதனால் இங்கே இருக்கிற நம்மவர்களுக்காகச் சரியான முறையை எழுதிவிடுகிறேன். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் விதையுங்கள். விதையை இரவு ஊற வைக்கலாம். மறுநாளும் உப்பாமல் கல்லாகக் கிடக்கும் விதையின் தோலை, முளை வரும் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் கத்தியால் லேசாகக் கீறிவிடுங்கள். வேர் கிணறு தோண்டுவதுபோல் நேராகக் கீழே போகும் ஜாதி என்பதால் அகலத் தொட்டி வேண்டாம், ஆழம் வேண்டும். டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவே மிஞ்சுகிற அட்டைக் குழாய் மிகப் பொருத்தம், பிறகு குழாயோடு அப்படியே நட்டுவிடலாம். (இதை அம்மாவிடம் சொன்னபோது, "கருமம், அதுலயா பூச்செடி வெப்ப?" என்று கேட்டார். நடுவில் இருக்கும் சுத்தமான அட்டைதான் என்று விளக்க வேண்டியிருந்தது.) முளை விடும்வரை வீட்டுக்குள் இருக்கலாம். தலை தெரிந்த உடனே வெளியே. கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி ஒன்றை, கோல்டு ஃப்ரேம் என்பார்கள், அதற்குள் வையுங்கள். வெளிச்சம் வேண்டும், குளிரும் வேண்டும். எலிக்கு இந்த விதை அவ்வளவு பிடிக்கும், கம்பிவலை போடாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், அடியிலிருந்து கிளை வெடிக்கும். இந்த ஒன்று மட்டும் அம்மாவுக்கு உடனே புரிந்தது. "செண்டுமல்லிக்குக் கிள்ளறதுதான" என்றார்.

உறைபனி விழுந்த முதல் காலையில் அந்தப் பெட்டியைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கண்ணாடியில் வெள்ளை பூத்திருக்க, உள்ளே விரல் நீள நாற்றுகள் அசையாமல் நின்றன. குளிரில் விட்டால்தான் வேர் ஆழமாகப் போகும், மேலே வளராமல் கீழே வளரும் என்று படித்திருந்தேன். இதைப் படிக்கும் புலம்பெயர்ந்தவர்கள் இதில் தங்களைத் தேட வேண்டாம். எனக்கும் அந்த ஆசை வந்தது. செடிக்கு அது உண்மை. மனிதருக்கும் அப்படித்தான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

மார்ச்சில் தென்பக்கச் சுவரோரம் நட்டேன். இத்தனை பாடு யாருக்காக என்று ஜில் கேட்டார். அம்மாவுக்காக என்றேன். அப்பா போனபிறகு அம்மா பூ வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.  ஜில் என் தோளைத் தொட்டு, "துக்கம் அப்படித்தான். அவங்களுக்கு எப்போ மனசு வருதோ அப்போ வெச்சுக்குவாங்க. அவசரப்படுத்தாதே" என்றார். அவர் அதை அம்மாவின் மனசு என்று எடுத்துக்கொண்டார். அது மனசு எடுத்த முடிவல்ல, ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து எடுத்தது, அந்தத் தெருவில் அம்மாவும் ஒருவர் என்று எப்படிச் சொல்வது? "சரி" என்றேன்.

ஏப்ரல் கடைசியில் அம்மா வந்து சேர்ந்தார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சேலை முந்தானை. முதல் வேலையாகக் கொல்லைப்புறம் போய்க் கொடியைப் பார்த்தார். நான் நட்டிருந்த மூங்கில் குச்சிகளைப் பிடுங்கிப் போட்டார். "இது பந்தலா? காத்தடிச்சாப் போயிரும்" என்று சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக அவரே கட்டினார். பீர்க்கங்காய்க்குக் கட்டுகிற கட்டு. கட்டிக்கொண்டே, "உனக்கு மாப்பிள்ளை பாத்துப் பந்தல் போடலாம்னு நானும் உங்கண்ணனும் நிக்கறோம். நீ பட்டாணிக்குப் பந்தல் போட்டுட்டு நிக்கற" என்றார்.

"பந்தல் போட்டது நீங்கதானுங்கம்மா."

"வாயி மட்டும் அப்படியே உங்கப்பன்."

மே குளிராகவே இருந்தது. மொட்டு வந்தது, பச்சையாக, மூடிய இமை போல. வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பார்ப்பேன். பள்ளிக்கூடம் திறக்கிற தேதியை அண்ணி போனில் சொன்னார். நோட்டுக்கு அட்டை போட வேண்டும், வேன்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று அம்மாவின் பேச்சு ஊருக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது. பெட்டியில் பாதி அடுக்கியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுவதற்குள் அம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டார். "கண்ணு, இங்க வா. ஓடியா." முதல் கொத்து விரிந்திருந்தது, கத்தரிப்பூ நிறத்தில். அம்மா அதைப் பறிக்கவில்லை. குனிந்து முகத்தை அதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "மல்லியுமில்லை, மரிக்கொழுந்துமில்லை. இது வேறங்கண்ணு" என்றார். 

வேலிக்கு அந்தப் பக்கம் ஜில் நின்றிருந்தார். கைதட்டிவிட்டுக் கதவைத் திறந்து வந்தார். தன் வேலிக் கொடியில் இன்னும் மொட்டே இல்லையே என்று என்னைச் செல்லமாக முறைத்தார். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் ஒரு காம்பைக் கிள்ளி, அம்மாவின் காதோரம் முடியில் செருகி, "அழகு" என்றார். அம்மா அசையவில்லை. அந்தக் காலத்து ஃபோட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார். என்னைப் பார்த்தார்.  அம்மா ஜில்லின் கையைப் பிடித்து, "தேங்க்ஸுங்க" என்றார்.

பூவோடு அம்மா உள்ளே வந்தார். எடுத்துவிடுவார் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. தோசை ஊற்றினார். சட்டினி அரைத்தார். என்னோடு முனைக்கடைவரை நடந்து பால் வாங்கி வந்தார். எதிரே வந்தவர்கள் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். திரும்பி வருகையில், கடைக் கண்ணாடியில் தன்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார். என் திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது போன் அடித்தது. அத்தை, வீடியோ.

அம்மாவின் கை போனுக்குப் போகவில்லை, முதலில் காதோரம் போனது. பூவை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, முடியை ஒரு தடவை நீவிவிட்டு, பிறகுதான் போனை எடுத்தார். "அண்ணி, நல்லா இருக்கறீங்களா? சாப்பிட்டாச்சுங்களா?" அத்தை திரும்பும் தேதியைக் கேட்டார், திதிக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மூடிய கை மடியில் இருந்தது.

பேசி முடித்ததும் நான், "மறுபடி வெச்சுக்கோங்கம்மா. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

"தெரியுதுங்கண்ணு. யாரும் ஒண்ணும் சொல்லலை. நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்பறம் என்னங்க?"

"ஊருக்குப் போனா இன்னொருக்கா எடுக்கோணுமில்ல, சாமி" என்றார். "ஒருக்கா எடுத்ததே போதும்."

நான் எழுதாமல் விட்ட வரி அதுதான். எலி, பனி, நத்தை எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருந்தேன். இங்கே வைத்த பூ ஊருக்குப் போகும்போது என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. அம்மா என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி, கையில் கசங்கியிருந்த பூவை என் ஜடையில் வைத்தார். வைத்த பிறகும் கையை உடனே எடுக்கவில்லை.

அவரை ஏர்போர்ட்டில் விட்டு வந்த வாரத்தில் கொடி வெறிபிடித்ததுபோல் பூத்தது. இந்தச் செடியிடம் ஒரு குணம் உண்டு. பூவைத் தினமும் பறித்துவிட வேண்டும். பறிக்காமல் விட்டுக் காய் பிடித்தால், வந்த வேலை முடிந்தது என்று பூப்பதை நிறுத்திவிடும். அதனால் வேலைக்குக் கிளம்புமுன் கத்தரியோடு போய் எல்லாவற்றையும் வெட்டுகிறேன். ஜூலை வந்து ஜில்லின் கொடியும் பூத்துவிட்டதால் வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஜன்னல், மேசை, குளியலறை எங்கும் டம்ளர் டம்ளராகப் பூ.

ஆனியில் அப்பாவின் திதியன்று அம்மா வீடியோவில் வந்தார். இங்கே காலை, அங்கே மத்தியானம், பின்னால் சொந்தபந்தங்களின் பேச்சு. "பாத்துக்கோ" என்று போனை அப்பாவின் படத்துக்குத் திருப்பினார். படம் தெரியாத அளவுக்குக் குண்டுமல்லி. "நானே கட்டினதுங்கண்ணு. விடியக் கட்ட உக்காந்தேன்." என் பூவைக் காட்டச் சொன்னார். அப்போதுதான் வெட்டிக்கொண்டு வந்திருந்த கைநிறையப் பூவைப் போனுக்கு முன்னால் பிடித்தேன். "எத்தனை பூத்திருக்குது" என்று அம்மா திரைக்கு இன்னும் நெருங்கி வந்தார். அங்கே அவருக்குப் பின்னால் படம் நிறைய மல்லி, இங்கே என் கை நிறைய ஸ்வீட் பீ. நடுவில், வகிடெடுத்து இறுக்கி முடிந்த அம்மாவின் தலை, வெறுமையாக, திரை முழுக்க இருந்தது.